முகிலை ஜன்னலிலிருந்து நகர்த்திய கதை

தொடர்களுக்குக் கதை எழுத வந்திருக்கும் இளைய நண்பர்களுக்கு,

போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்தார். "சார், தன்பாலீர்ப்பு கேரக்டர்களை எப்படி எழுதறதுன்னு எங்க டீமுக்கு நீங்க ஒரு கிளாஸ் எடுக்கணும்" என்றார். குரலில் அவ்வளவு ஜாக்கிரதை. வெடிகுண்டில் எந்த ஒயரை வெட்ட வேண்டும் என்று கேட்கிறவர் மாதிரி இருந்தது. தம்பி, அது வெடிக்காது. பயப்படாமல் உட்காருங்கள்.

கிளாஸ் எடுக்க எனக்கு வராது. ஓய்வு பெற்ற பிறகு அஸ்தினாபுரம் வீட்டில் தண்ணீர் மோட்டாரோடு சண்டை போடுவதுதான் என் முழுநேர வேலை. ஆனால் நான் எழுதிய ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிச் சொல்ல முடியும். முகில் என்று பெயர். அவன் பிறந்தது, சாகப் பார்த்தது, பிழைத்தது, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருந்தவன் நான்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம் பாருங்கள். வாழ்நாள் முழுக்கத் தொடர்களுக்கு முதலில் வசனமும் பிறகு கதையும் எழுதிப் பிழைத்தவன் நான். என் கையால் நடந்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோன கல்யாணங்கள் அதைவிட அதிகம். எனக்கு மட்டும் கல்யாணம் ஆகவில்லை. காரணம், நான் அன்வரோடு வாழ்கிறேன்.

அன்வர் தாம்பரம் மேற்கில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். அஸ்தினாபுரம் வீடு அவனுடைய அப்பா கட்டியது. கீழே அவன், மாடியில் நான், வாடகைக்கு. தெருவுக்கு நான் 'மாடி வீட்டு சார்'. அந்த மாடியில் துணி காயப்போட்டதைத் தவிர நான் வேறு எதுவும் செய்ததில்லை என்பது தெருவுக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் நாகரிகமாக இருந்துவிட்டார்கள். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோ. ஆனா என்னைக் குண்டுன்னு மட்டும் எழுதாதே" என்றான். எழுதவில்லை.

எங்கள் தொடரின் ஷூட்டிங் மாடம்பாக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் நடந்தது. கீழ்த்தளத்தில் கதையின் குடும்பம் அழுதுகொண்டிருக்கும். மாடி அறையில் நாங்கள் அவர்கள் அடுத்து எதற்கு அழ வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருப்போம். நாங்கள் என்றால் மூன்று பேர்: நான், இயக்குநர், அப்புறம் திவ்யா. இயக்குநர் முப்பதுகளில் இருந்த நல்ல மனுஷன், சட்டென்று பதறுவார். திவ்யா ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வரும் உதவி எழுத்தாளர். எங்கள் மூவரில் நன்றாக யோசிக்கிறவர் அவர்தான். சம்பளம் குறைவு என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை.

தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று சட்டம் மாறிய சமயம் அது. இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி ஏதாவது வேண்டும் என்று சேனலில் கேட்டார்கள். கதையில் வரும் குடும்பத்தின் இளைய மகன் ஒரு ஆணைக் காதலிப்பவன் என்று வைக்கலாம் என்று தீர்மானமானது. இயக்குநர் என் பக்கம் திரும்பி, தோளில் கை வைத்தார்.

"ரவி சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்தக் காலத்து ஆளு. உங்களுக்கு இது கொஞ்சம் புதுசா இருக்கும். இவங்களும் நம்மள மாதிரிதான் சார்."

"அப்படியா?" என்றேன்.

"ஆமா சார். ஆனா ரொம்ப சென்சிட்டிவ். நல்லா டிரஸ் பண்ணுவாங்க. கவிதைன்னா உயிரு."

நான் என் சட்டையைப் பார்த்தேன். காலையில் சிந்திய சாம்பார் இருந்தது. கவிதை விஷயத்தில் அன்வரின் சாதனை என்னவென்றால், நான் கலந்துகொண்ட கவியரங்கம் ஒன்றில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டது. தலைமை தாங்கியவர் அதைக் கைதட்டல் என்று நினைத்து நன்றி சொன்னார்.

அடுத்து, முகில் என்ன வேலை செய்கிறான் என்ற கேள்வி. ஃபேஷன் டிசைனர் என்றார் இயக்குநர்.

"எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கட்டுமே" என்றேன்.

இயக்குநர் ரொம்பப் பொறுமையாகச் சிரித்தார். "சார், இந்த மாதிரி ஆளுங்க போய் ஒயரும் சுவிட்சும் விப்பாங்களா? லாஜிக் இடிக்குது சார்."

அன்று மாலை வீட்டுக்குப் போய், நீ லாஜிக்கில் இடிக்கிறாய் என்று அன்வரிடம் சொன்னேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. கடைசியில் முகில் அலங்கார விளக்குகள் விற்கும் கடை வைத்திருப்பவன் ஆனான். பாதி ஃபேஷன், பாதி ஒயர்.

முகிலாக நடிக்க வந்தவன் சரவணன். மேடை நாடகத்தில் இருந்து வந்த பையன், தாம்பரம் சானடோரியம் பக்கம் வீடு. முதல் வாரங்களில் இயக்குநர் கேட்டதைத்தான் எழுதிக் கொடுத்தேன். காலையில் முகில் ஜன்னல் அருகே நிற்கிறான். மாலையில் முகில் ஜன்னல் அருகே நிற்கிறான். வெளியே மழை பெய்தால் கன்னத்தில் கண்ணீர். மழை இல்லாவிட்டால் புல்லாங்குழல். உணவு இடைவேளையில் ஒரு நாள் சரவணன் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, ஒரு டவுட்டு. இந்த முகிலு இன்னாத்துக்குண்ணா சாப்பிடவே மாட்டேங்கிறான்?"

"துக்கத்துல இருக்கான்பா."

"இன்னா துக்கம்? யாரு செத்துட்டா?"

நான் என் தட்டிலிருந்த அப்பளத்தை நொறுக்கினேன்.

"ஜன்னல் கம்பியப் புட்ச்சுகினு நின்னு நின்னு கையெல்லாம் துரு. எங்கம்மா டெய்லி பாக்குது. நேத்து கேக்குது, 'கண்ணு, உன்ன அந்த வூட்ல ஜன்னல் தொடைக்கவா வெச்சுகிறாங்க?'ன்னு."

வீட்டிலும் அதே வழக்கு. அன்வர் தொடர் பார்க்கிறவன் இல்லை. நான் எழுதுவதாயிற்றே என்று அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையனுக்கு என்ன வியாதி?" என்று கேட்டான்.

"வியாதி இல்ல. அவன் நம்மளப் போல."

அன்வர் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நம்மளப் போலன்னா அவன் ஏன் ஜன்னலத் திறந்து வெச்சுகிட்டு அழறான்? நீ ஜன்னலத் திறந்தாலே கொசு வருதுன்னு கத்துவியே."

நண்பர்களே, ஒரு விஷயத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஒருவன் யாரைக் காதலிக்கிறான் என்பது அவன் துக்கத்துக்குக் காரணம் ஆகாது. துக்கம் என்றால் அதற்கு ஒரு நடப்பு வேண்டும். யாரோ எதையோ சொல்ல வேண்டும், ஒரு கதவு சாத்தப்பட வேண்டும். நடப்பு இல்லாமல் அழவிட்டால், பார்க்கிறவர்கள் அவனுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நினைப்பார்கள்.

மறுநாள் முகிலை ஜன்னலிலிருந்து நகர்த்தினேன். கடைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு வாடகை வீடு கொடுத்து, அங்கே அவனோடு தங்கியிருக்கும் தீனா என்பவனைக் கொண்டுவந்தேன். இருவருக்கும் ஒரு சண்டை வைத்தேன். மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்பதுதான் சண்டை. முகிலுக்கு இரண்டு போதும். தீனாவுக்கு ஐந்து வேண்டும். "உனக்குக் காத்து வேணும்னா பீச்சுல போய்ப் படு" என்கிறான் முகில். "உனக்குக் குளுருச்சுன்னா ஸ்வெட்டர் வாங்கித் தரேன், சுவிட்ச விடு" என்கிறான் தீனா. கடைசியில் மூன்றில் வைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை. அப்படியே தூங்கிப் போகிறார்கள்.

இது எங்கே இருந்து வந்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

"இதுல எமோஷன் எங்க சார்?" என்றார் இயக்குநர். இருந்தாலும் எடுத்தார். சரவணன் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தில் யூனிட்டே சிரித்தது. ஒளிபரப்பான மறுநாள் காலை, எதிர் வீட்டு அம்மா காய்கறி வண்டிக்காரரிடம் கத்தரிக்காய் பொறுக்கியபடி என்னிடம் சொன்னார்: "சார், அந்த ரெண்டு பசங்களும் அசல் எங்க வீட்டுக்காரரும் நானும்தான். எங்க வீட்டுல ஒட்டுக் கேட்டு எழுதறீங்களா?"

அவர் அவர்களை என்னவென்று நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. தங்களைப் போல என்று நினைத்தார், அது போதும். கண்ணீர் கொடுப்பதற்கு முன் ஒரு சண்டை கொடுங்கள். சண்டை போடுகிறவர்களைத்தான் ஜனங்கள் வீட்டு மனுஷர்களாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த நாட்களிலேயே இன்னொன்றும் நடந்தது. தொடரில் ஒரு புதுமனை புகுவிழா. வாசலில் ஒரு திருநங்கை வந்து வாழ்த்திவிட்டுப் போகிற மாதிரி ஒரு ஷாட் இருந்தது. நடிக்க வந்தவர் மேக்கப் முடித்து வந்து, "எனக்கு என்ன பேரு சார்?" என்று கேட்டார். எங்களிடம் பெயர் இல்லை. வாசல், கைதட்டல், வாழ்த்து மட்டும்தான் இருந்தது. இயக்குநர் பேப்பரைப் புரட்டுகிற மாதிரி நடித்தார். பேப்பரில் இல்லாததை எவ்வளவு புரட்டி என்ன? நான் அங்கேயே, "வள்ளி. தையற்காரி. வீட்டுக்கார அம்மா அளவு ரவிக்கையைக் கொடுக்காம இழுத்தடிக்கிறாங்க, விசேஷத்துல கையும் களவுமா பிடிக்க வந்திருக்கீங்க" என்றேன். அவர் முகம் மாறியது. அந்த ஷாட்டில் அவர் போட்ட சத்தத்துக்கு அம்மா நடிகை நிஜமாகவே இரண்டு அடி பின்வாங்கினார். வள்ளி அதற்கப்புறம் பல மாதம் தொடரில் தைத்துக்கொண்டிருந்தார். உங்கள் ஆள் வாசலில் வந்து நின்றால், அவர் எங்கே இருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார் என்பது உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, நெருக்கடிக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலை, கீழே லைட் வைத்துக்கொண்டிருந்தார்கள். சேனலில் எங்கள் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம் போன் செய்தார். இயக்குநர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ரவி சார், முகில் டிராக் நல்லாத்தான் போகுது. ஆனா கொஞ்சம் பேரு கேக்கறாங்க, இது குடும்பத் தொடர்தானான்னு. மேலயும் கேட்டுட்டாங்க. நான் ரெண்டு ஆப்ஷன் தரேன். ஒண்ணு, அத்தை பொண்ணு சௌம்யாவுக்கும் முகிலுக்கும் கல்யாணம். கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாயிடும். கல்யாண வாரம்னா நல்லாவும் ஓடும்."

"இன்னொண்ணு மேடம்?"

"ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரி."

"லாரிக்கு ஏதாவது காரணம் இருக்கா மேடம்?"

"லாரிக்கு எதுக்கு சார் காரணம்? சாயங்காலத்துக்குள்ள சீன் வேணும். நாளைக்கு ஷூட்."

போன் வைக்கப்பட்டது. திவ்யாவுக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. "விட்டுக்கொடுக்கக் கூடாது சார்" என்றார். இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன். முகில் மேல் அவருக்கும் பிரியம் வந்திருந்தது. ஆனால் அவருக்குக் கைக்குழந்தை இருந்தது, இந்தத் தொடரை விட்டால் கையில் வேறு வேலை இல்லை.

"நாம யாருக்காக சார் சண்டை போடறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நம்ம மூணு பேருல யாரும் அப்படி இல்ல. நமக்குத் தெரிஞ்சவங்கள்லயும் யாரும் இல்ல. அந்த மாதிரி ஒருத்தர் இங்க உக்காந்து, 'இது தப்பு, எங்க வாழ்க்கை இப்படி இல்ல'ன்னு சொன்னா நான் மேடத்துகிட்ட தைரியமா பேசுவேன். சும்மா கற்பனைல வந்த ஒருத்தனுக்காக எப்படி சார்?"

அவர் கேட்ட ஒருத்தர் அவருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். சொல்லிவிடலாம். இயக்குநருக்கு ஆயுதம் கிடைக்கும், முகில் பிழைப்பான். ஆனால் அந்த வாக்கியத்தில் நான் மட்டுமா இருந்தேன்? அதில் அன்வர் இருந்தான். அவன் கடைக்கு வருகிற ஆட்கள், தொழுகைக்குப் போகும்போது தோளில் கை போடுகிற நண்பர்கள், அவன் தங்கை, அவளுடைய புகுந்த வீடு, எல்லாரும் இருந்தார்கள். ஷூட்டிங் வீட்டில் ஒரு ரகசியம் மாடியிலிருந்து கீழே போக ஒரு டீ டம்ளர் இறங்குகிற நேரம் போதும். என்னிடம் இருந்ததில் பாதி அவனுடையது. அதைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

நான் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் அறையிலும் யாராவது ஒருவர் இப்படி டீ குடித்துக்கொண்டிருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். 'உனக்கு எப்படித் தெரியும், நீ அப்படியா?' என்று கேட்டுக் கதையை நிரூபிக்கச் சொல்லாதீர்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், ஒரு காட்சியைக் காப்பாற்ற உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. காட்சியைக் காட்சிக்குள்ளேயே காப்பாற்ற வழி இருக்கும். இல்லாவிட்டால் நமக்கு எதற்கு இந்த வேலை?

அன்று அந்த வழியைக் கண்டுபிடித்தது நான் இல்லை, திவ்யா.

"சார், ஒரு நிமிஷம்" என்றார். குரலில் இருந்த கோபம் போயிருந்தது. "காலைலேருந்து முகில் சாகணுமா இருக்கணுமான்னே பேசறோம். சௌம்யாவ யாராவது கேட்டோமா?"

"சௌம்யா சைடு கேரக்டர்மா" என்றார் இயக்குநர்.

"கல்யாணம் அவளுக்கும்தானே சார்?" திவ்யா பேனாவை மூடி வைத்தார். "எங்க சித்திய அப்படி ஒருத்தருக்குத்தான் கட்டிக்கொடுத்தாங்க. தெரிஞ்சே கொடுத்தாங்களா, தெரியாமலா, யாருக்கும் தெரியாது. சித்தப்பா கெட்டவர் இல்ல. ரொம்ப நல்லவர். அதுதான் சித்திக்குக் கஷ்டம். யார் மேல கோவப்படறதுன்னே தெரியாம இத்தன வருஷம் வாழ்ந்துட்டாங்க. ஒரு தடவ என்கிட்ட சொன்னாங்க, 'அவர் என்னை அடிச்சிருந்தா எனக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்'னு."

கீழே யாரோ 'லைட்ஸ் ரெடி' என்று கத்தினார்கள். இயக்குநர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

அன்வரையும் ஒரு காலத்தில் பெண் பார்க்க அழைத்துப் போயிருக்கிறார்கள். வண்டலூர் பக்கம் ஒரு வீடு. ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டான். அந்தக் கதையை அவன் சொல்லி நான் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். அந்தப் பெண் அன்று என்ன புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்ன எதிர்பார்த்தாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று அந்த மாடி அறையில்தான் முதல் தடவையாக யோசித்தேன்.

"மேடம் என்ன கேட்டாங்க?" என்றேன். "கல்யாணப் பேச்சு. அது முடிஞ்சே ஆகணும்னு யாரும் சொல்லலியே."

மாலைக்குள் மூன்று பேரும் சேர்ந்து எழுதினோம். வீட்டில் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். வழக்கப்படி, பெண்ணும் பையனும் கொஞ்சம் பேசிவிட்டு வரட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்புகிறார்கள். கீழே பழத்தட்டு. மேலே இவர்கள் இரண்டு பேர்.

சௌம்யா கேட்கிறாள்: "முகில், என்னை உனக்குப் பிடிக்கும்ல?"

"ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் சொல்றேன், வேண்டாம்."

"தீனாவா?"

முகில் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறான்.

"நீ கீழ போய் இதச் சொல்லுவியா?"

"சொல்லணும். கால் வரமாட்டேங்குது."

"நான் ஒருவேளை சரின்னு சொல்லியிருந்தா, நீ கட்டியிருப்பியா?"

இந்தக் கேள்விக்கு முகிலுக்கு நாங்கள் வசனம் எழுதவில்லை. சும்மா இருக்கட்டும் என்று விட்டோம். படப்பிடிப்பில் சரவணன் அந்த இடத்தில் அவளைப் பார்க்க முடியாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான். சௌம்யாவாக நடித்த பெண் அதைப் பார்த்து மெதுவாகச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது எங்கள் பேப்பரில் இல்லை. அடுத்தது இருந்தது. அவள் கீழே இறங்கி வந்து, எல்லார் முன்னாலும், "எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்கிறாள். ஏன் என்று கேட்கிறார்கள். "அவர் ஃபேனை ரெண்டுல வைப்பாராம். எனக்கு வேர்க்கும்."

அடுத்து முகில் அம்மாவிடம் உண்மையைச் சொல்கிற காட்சி. இயக்குநருக்கு ஒரே ஆசை, அம்மா பளார் என்று ஒரு அறை விட்டு உடனே கட்டிப்பிடிக்க வேண்டும் என்று. அம்மாவாக நடித்தவர் அந்த வட்டாரத்திலேயே எல்லாரும் பயப்படும் மூத்த நடிகை. பேப்பரைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரவி, இன்னைக்கே நான் திருந்திட்டா நாளைலேருந்து எனக்கு இங்க என்ன வேலை?"

அவர் கவலை அவருக்கு. ஆனால் அதில் எவ்வளவு உண்மை இருந்தது பாருங்கள். எந்த அம்மா ஒரே நாளில் திருந்துகிறார்? அறையையும் நீக்கினோம், கட்டிப்பிடித்தலையும் நீக்கினோம். "எனக்கு இது புரியல. பிடிக்கவும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போவதாக மாற்றினோம். பிறகு பல வாரங்கள் அந்த அம்மா மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தீனா வந்தால் மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். ஒரு நாள் கூட்டவில்லை. அந்த ஒரு நாளுக்கு வந்த போன்கள் அறைக்கும் கட்டிப்பிடித்தலுக்கும் வந்திருக்காது. தயவுசெய்து அம்மாக்களை அவசரப்படுத்தாதீர்கள்.

மொட்டை மாடிக் காட்சியைப் படம்பிடித்து முடித்த பிறகுதான் மேடத்துக்குப் போன் செய்தோம். காட்சியைச் சொன்னோம்.

"பொண்ணே வேண்டாம்னுட்டாளா?"

"ஆமா மேடம்."

"பொண்ணுக்கு இஷ்டமில்லாம நாம கட்டிவெச்சா லேடீஸ் ஆடியன்ஸ் ஒத்துக்க மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்க மேடம்."

"லாரி?"

இயக்குநர், பதறுகிற அந்த மனுஷர், போனை என்னிடமிருந்து வாங்கி, "ரோட்டுல ஷூட் பண்ண பர்மிஷன் கிடைக்காது மேடம்" என்றார். பர்மிஷனுக்கு யாரும் கேட்கவே இல்லை. அன்று அவரை நான் கட்டிப்பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம், அவர் அதைச் சென்சிட்டிவ் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

வெற்றி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். முகிலின் காட்சிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் முகிலும் தீனாவும் கோயம்புத்தூரில் கடை திறக்கப் போய்விட்டார்கள். தொடரில் கோயம்புத்தூர் போனவர்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் அவர்கள் உயிரோடு, ஒன்றாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னால் வந்தவர்களெல்லாம் ஆற்றில் விழுந்தோ, லாரியில் அடிபட்டோ, 'சரியாகி'யோதான் போயிருந்தார்கள். அந்தக் காலத்துக்குக் கோயம்புத்தூர் சின்ன விஷயம் இல்லை.

மொட்டை மாடிக் காட்சி ஒளிபரப்பான மாலை, அன்வரின் தங்கை ஷமீமா வீட்டுக்கு வந்திருந்தார். மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, பத்திரிகை வைக்கக் கிளம்பியிருந்தார். தொடர் ஆரம்பிக்கிற நேரம் என்றதும், "இத முடிச்சுட்டுப் போறேன், ஒரு நாள் விட்டாலும் கதை புரியாது" என்று உட்கார்ந்துவிட்டார். ஷமீமா ஒரு நாள் விடாமல் பார்க்கிறவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் வழக்கம்போல விருந்தாளி மாதிரி ஓரத்து நாற்காலியில் இருந்தேன். அன்வர் ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அதில் ஒரு பழுதும் இல்லை.

மாடிக் காட்சி வந்தது. ஷமீமா அசையாமல் பார்த்தார். சௌம்யா கீழே இறங்கி வந்து ஃபேன் வசனம் சொன்னபோது ஒரு தடவை சிரித்தார். விளம்பரம் வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்ல பொண்ணு. மூணு பேரக் காப்பாத்திட்டா" என்றார்.

அன்வர் ரிமோட்டின் பின்மூடியை மறுபடி கழற்றினான்.

தொடர் முடிந்ததும் பையைத் திறந்து இரண்டு பத்திரிகைகளை எடுத்தார். ஒன்று அன்வருக்கு, ஒன்று மாடி வீட்டு சாருக்கு என்று எனக்குப் புரிந்தது. அவர் இரண்டையும் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றைத் திரும்பப் பைக்குள் வைத்தார். மூன்று பேரைக் காப்பாற்றிய சௌம்யா என் ஒரு பந்தியைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"வீட்டுக்கு ஒண்ணுதான் வெக்கிறோம்" என்றார் ஷமீமா. பேனாவை எடுத்தார். "கவர்ல பேரு எழுதணும். சார், நீங்கதான் எழுத்தாளர். எப்படி எழுதட்டும், சொல்லுங்க."

எத்தனை ஆயிரம் பக்கம் வசனம் எழுதியிருப்பேன்! ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "அன்வர் மற்றும் ரவி" என்றேன்.

"அதென்ன, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி?" என்று சொல்லிவிட்டு அவரே எழுதினார்: அன்வரும் ரவியும்.

பள்ளிக்கூடத்தில் எண்ணும்மை என்று நீங்களும் படித்திருப்பீர்கள். இரவும் பகலும், மண்ணும் நீரும். தேர்வுக்குப் படித்துத் தேர்வோடு மறந்துவிடுகிற விஷயம். இரண்டு பெயர்களுக்குப் பின்னால் ஆளுக்கொரு 'உம்'. இவ்வளவு கதை எழுதியும் அந்த இரண்டு எழுத்து எனக்குத் தோன்றவில்லை. ஷமீமாவுக்கு யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அன்வர் கவரை இரண்டு கையிலும் பிடித்து, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தான். அது பால்பாயிண்ட் பேனா. நான் சொல்லவில்லை. ஊதட்டும் என்று விட்டுவிட்டேன்.